காதில் மாட்டும் கருவிக்குப் பணம் கட்டலாமா?

வணக்கம் அம்மா. மகள் பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், காதில் ஒரு கருவியை மாட்டினால் பக்கவாதத்தில் விழுந்த கை எழும் என்று ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, அதற்கான சான்றிதழ் வகுப்புக்குப் பணம் கேட்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இப்போது கட்ட வேண்டாம். அதற்காக அவளைத் திட்டவும் வேண்டாம். பிள்ளை பார்த்தது பொய்யில்லை.

மூளைத்தண்டிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் போகும் வேகஸ் நரம்பின் சிறு கிளை ஒன்று காதுமடலுக்கு வருகிறது. அங்கே தோல்மேல் லேசாக மின்சாரம் கொடுத்தால் தூண்டல் மூளைத்தண்டு வரை போகும். அந்த நேரத்தில் நோயாளி கையை அசைத்தால் மூளை அதைச் சீக்கிரம் பழகிக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. கருவியை மாட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் கை எழாது.

ஆனால் 2021-இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது, நெஞ்சுத் தோலுக்கடியில் அறுவை செய்து பொருத்தி அதே வேகஸ் நரம்பைத் தூண்டும் விவிஸ்டிம் கருவியை. காதுக் கருவிக்கு அந்த அளவு ஆதாரம் இன்னும் சேரவில்லை. பிரிட்டனில் ஷெஃபீல்டு குழுவினர் அதற்காகவே டிரைசெப்ஸ் என்ற பெரிய ஆய்வில் இறங்கினார்கள்.

விவிஸ்டிம் ஆய்வை மகளை முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள். 108 பேர், ஆறு வாரம், 18 அமர்வு. ஒவ்வொரு அமர்விலும் 300 தடவைக்கு மேல் கை அசைவு. நோயாளி கையை நீட்டும்போது தெரபிஸ்ட் பொத்தானை அழுத்துவார், அரை வினாடி தூண்டல் போகும். ஆறு வாரம் முடிந்ததும் கை எவ்வளவு அசைகிறது என்று பார்த்து 66-க்குப் போடும் ஃபூகல்-மேயர் மதிப்பெண் தூண்டல் பெற்றவர்களுக்கு 5 கூடியது, பெறாதவர்களுக்கு 2.4. அந்த 2.4 வெறும் பயிற்சியில் வந்தது! மிச்சத்துக்கும் பொத்தானை எப்போது அழுத்துவது என்று தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளாகத்தான் உங்கள் மகள் ஆக வேண்டும்.

அதனால் இன்டர்ன்ஷிப்பில் பக்கவாத நோயாளிகள் நிறைய வரும் மருத்துவமனையாகப் பார்க்கட்டும். ஃபூகல்-மேயர் மதிப்பெண் போடக் கை பழகட்டும். அப்புறம் எம்.பி.டி. என்ற முதுகலைப் படிப்பில் நரம்பியல் எடுக்கலாம். கருவி மேலேயே ஆசை என்றால், வேலூர் சி.எம்.சி.யும் ஐ.ஐ.டி. மெட்ராஸும் சேர்ந்து கைப் பயிற்சிக்கான புளூட்டோ ரோபோவைச் செய்திருக்கின்றன, அந்த மாதிரி குழுக்களிலும் தெரபிஸ்டுக்கு வேலை உண்டு.

வகுப்பு நடத்துபவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: எத்தனை நோயாளிகளின் கையைத் தொட்டுப் பழக விடுவீர்கள்?