‘மறுகா’வை ஏன் வெட்டினீர்கள்?

கேள்வி: இந்த செமஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆக்க எழுத்தை ஒரு பாடமாக எடுத்தேன். கடைசி ஒப்படை, ‘இந்தப் பாடநெறியில் நான் கற்றது’ என்று ஒரு கட்டுரை. ‘என் பார்வை விரிந்தது’ என்று தொடங்கினேன், எனக்கே பொய்யாகப் பட்டது. முன்பு ஒரே இரவில் கவிதை எழுதுவேன். இப்போது ஒரு பக்கத்துக்குள் பத்து முறை வெட்டுகிறேன். அம்மம்மா சொல்லும் 78 சூறாவளியைக் கதையாக்கினேன். எங்கள் மட்டக்களப்புப் பேச்சில் ‘பிறகு’ என்பதற்குச் சொல்லும் ‘மறுகா’ விளங்கவில்லை என்று வெளிமாவட்ட நண்பர்கள் சொன்னார்கள். எழுதியவர் பேசக்கூடாது என்பது வகுப்பு விதி. பேசாமல் எடுத்துவிட்டேன், கதை செத்துப்போனது போல இருக்கிறது. இதையெல்லாம் சேருக்கு எழுதலாமா? கதையின் இரண்டு பிரதிகளையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.
ஒரு மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: அன்புத் தங்கச்சி, இதையெல்லாம்தான் எழுத வேண்டும். ‘என் பார்வை விரிந்தது’ என்று கணக்கியல் படித்த பிள்ளையும் எழுதலாம், விவசாயம் படித்த பிள்ளையும் எழுதலாம். இந்தக் கதையை வெட்டி வெட்டி எழுதியது நீங்கள் மட்டும்தான்.

இரண்டு பிரதிகளையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தேன். முதலாவதில் 1978 நவம்பர் 23 பற்றி அரைப்பக்க விவரம், பாடப்புத்தகம் போல. இரண்டாவது பிரதியில் அது முழுக்கப் போய்விட்டது. அம்மம்மா ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கன்றுக்குட்டியின் கயிற்றை அவிழ்க்கிறார். முடிச்சு நனைந்து இறுகியிருக்கிறது, பல்லால் கடித்து இழுக்கிறார். வாசித்தபோது எனக்குப் பல் கூசியது. செமஸ்டர் தொடங்கும்போது நீங்கள் இதை எழுதியிருக்க மாட்டீர்கள். உங்கள் காது கூர்மையாகிவிட்டது, கை இன்னும் அதை எட்டிப் பிடிக்கவில்லை. பத்து முறை வெட்டுவது அதனால்தான். கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்கும். எழுதுகிற அன்றைக்கே திருத்தாதீர்கள், அதை அடுத்த நாளைக்கு வையுங்கள்.

அதே பிரதியில் ஒரு கெட்ட வெட்டும் இருக்கிறது. “கூரை போயிற்று புள்ள. மறுகா ஓடினம்” என்று அம்மம்மா சொன்னது, “கூரை போய்விட்டது பிள்ளை. பின்னர் ஓடினோம்” என்று ஆகியிருக்கிறது. சூறாவளிக்குள் ஓடியதைச் சொல்கிற அம்மம்மா வாயில் ‘பின்னர்’ வருமா? என் முதல் கதையிலும் ஒரு பத்திரிகையில் இதையே செய்தார்கள். அச்சில் வந்ததை அம்மாவிடம் காட்ட மனம் வரவில்லை. அவர் பேச்சு அதில் இல்லையே. மட்டக்களப்புப் பேச்சுக்கு நாம் கூச்சப்படக் காரணமே இல்லை. செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் 1966இல் எழுதிய ஆய்வில், பேச்சுத் தமிழ் வகைகளில் இலக்கியத் தமிழுக்கு மிக நெருக்கமானது இதுதான் என்கிறார். நீங்கள் திருத்திய அந்தப் ‘போயிற்று’ சுத்தமான இலக்கண வடிவம். ‘மறுகா’ தெரியாதவருக்கும், கூரை போனதற்கும் ஓடியதற்கும் நடுவில் அது நிற்பதைப் பார்த்தால் விளங்கிவிடும்.

நண்பர்கள் மேல் கோபம் வேண்டாம். விளங்கவில்லை என்று சொன்னது நேர்மை. வைப்பதா எடுப்பதா என்பது உங்கள் முடிவு, அதை அவர்களிடம் கொடுத்ததுதான் பிழை. எழுதியவர் வாய் திறக்கக்கூடாது என்ற விதி, 1936இல் அமெரிக்காவின் அயோவாவில் தொடங்கிய எழுத்துப் பட்டறை போன்றவற்றின் வழியாகப் பரவியது. அதில் நியாயம் உண்டு. கதை வெளிவந்த பிறகு வாசகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாம் விளக்கம் சொல்ல முடியாது. ஆனால் வகுப்பில் விழுங்கிய பேச்சையெல்லாம் சொல்ல இந்தக் கட்டுரை இருக்கிறது. அரைப்பக்கத்தை ஏன் வெட்டினீர்கள், ‘மறுகா’வை ஏன் வெட்டினீர்கள், இப்போது ஏன் திரும்ப வைக்கிறீர்கள், இந்த மூன்றையும் அந்தந்த வரிகளை எடுத்துக் காட்டி எழுதுங்கள். புள்ளி குறையுமோ என்று பயப்பட வேண்டாம். ஒரே மாதிரி நாற்பது கட்டுரை திருத்துகிறவருக்கு இது நிம்மதியாக இருக்கும்.

கொடுத்துவிட்டு வந்து, கதையை ‘மறுகா’வோடு அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். எங்கெங்கே குறுக்கிட்டு “அப்படியில்ல புள்ள” என்கிறாரோ, அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.