மூன்று வெள்ளி டொமைனை நம்பலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணே, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வீட்டுக்காரருக்கு அவர் கம்பெனி கொடுத்த இமெயிலைத்தான் பதினைந்து வருடமாக எல்லாவற்றுக்கும் கொடுத்து வைத்திருந்தோம், கே.டபிள்யூ.எஸ்.பி. (ஊழியர் சேமநிதி), பேங்கு, இன்சூரன்ஸ், கரண்டு பில் என்று. போன வருடக் கடைசியில் வேலையை விட்டார், மறுவாரமே இமெயிலை மூடிவிட்டார்கள். இப்போதைக்கு ஜிமெயில் ஒன்றைத் திறந்து ஒவ்வொரு கவுண்டராக ஏறி மாற்றிக்கொண்டிருக்கிறோம். சொந்தமாக டொமைன் (இமெயிலில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வாங்கிக் குடும்பத்துக்கே இமெயில் வைக்கலாம், முதல் வருடம் 3 வெள்ளிதான் என்கிறான் மகன். வாங்கலாமா?

பதில்: டொமைன் வாங்குங்கள் தங்கச்சி, மகன் சொன்னது நல்ல யோசனைதான். அந்த மூன்று வெள்ளிதான் இடிக்கிறது. விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'ரினிவல்', அதாவது புதுப்பிக்கும் கட்டணம், என்று ஒன்று இருக்கும், இரண்டாம் வருடத்திலிருந்து காலத்துக்கும் நீங்கள் கட்டப்போவது அதுதான். டாட் காம் பெயர்களை நடத்தும் வெரிசைன், விற்பவர்களிடம் வாங்கும் மொத்த விலையே 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 10.26 டாலர் ஆகிவிட்டது, நம் காசுக்கு நாற்பது வெள்ளிக்கு மேல். அதை மூன்று வெள்ளிக்கு விற்கிற தவுக்கே (கடை முதலாளி) கைக்காசைப் போட்டு விற்கிறார், போட்டதை எப்போது எடுப்பார் என்று உங்களுக்கே தெரியும். கிளவுட்ஃப்ளேர் என்ற இணையக் கம்பெனி மாதிரி அடக்க விலைக்கே கொடுக்கிறவர்களும் உண்டு. வெளிநாட்டுக் கடை என்றால் 8 விழுக்காடு சேவை வரியும் பில்லில் வரலாம்.

உண்மையிலேயே மலிவாகக் கிடைப்பவை டாட் டாப், டாட் எக்ஸ்ஒய்இசட் மாதிரி வால்கள், அதாவது பெயரின் கடைசித் துண்டுகள். அவற்றை ஸ்பேம் அனுப்புகிறவர்களும் மொத்தமாக அள்ளுகிறார்கள், அதனால் நீங்கள் அனுப்பும் ஒழுங்கான கடிதம்கூடச் சில இடங்களில் ஸ்பேம் பெட்டிக்குள் விழும். டாட் டிகே என்று இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருந்தது ஃப்ரீநாம் என்ற கம்பெனி, 2023-ல் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா அதன் மேல் வழக்குப் போட்டது, புதுப் பதிவுகள் நின்றன, 2024-ல் தொழிலையே விட்டுப் போனது. அழகான வால் வேண்டுமென்று டாட் ஐஓ பக்கமும் போக வேண்டாம், அது ஒரு தீவுக்கூட்டத்துக்கான வால், அந்தத் தீவுகளையே மொரீஷியஸிடம் கொடுப்பதாக 2024-ல் பிரிட்டன் அறிவித்தது, தீவு கைமாறினால் வால் என்ன ஆகுமோ. டாட் காம் அல்லது நம் டாட் மை, இரண்டில் ஒன்று போதும். டாட் மையை நடத்துவது மைநிக் என்ற நம் நாட்டு நிறுவனம், விலை பெரும்பாலும் டாட் காமைவிடக் கூடத்தான். ஆனால் கவுண்டரில் இருக்கிறவருக்குப் பழகிய வால்.

பெயரைத் தேர்ந்தெடுப்பதில் நம்மவர்களுக்கென்று ஒரு தலைவலி உண்டு. லெட்சுமி என்ற ஒரே பெயரைத் தோட்டத்துக் கிராணி ஒரு வீட்டுக்கு 'டிசிஎச்' போட்டும் அடுத்த வீட்டுக்கு 'கேஎஸ்எச்' போட்டும் எழுதிக் கொடுத்திருப்பார், கடைசி ஆங்கில எழுத்து 'ஐ'யா 'ஒய்'யா என்பது அன்றைக்கு அவர் மனசைப் பொறுத்தது. கிளினிக்கில் பத்துப் பேர் வரிசையில் நிற்க, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து அதை எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் ஒரு கோடு வேறு வைத்தால் தீர்ந்தது, அந்தப் பெண் அடிக்கோடுதான் தட்டுவார். வாங்குமுன் போனில் யாருக்காவது ஒருமுறை மட்டும் சொல்லி எழுதச் சொல்லுங்கள், தப்பாக எழுதினால் வேறு பெயர் பாருங்கள். டாட் சிங்கப்பூர், டாட் இலங்கை என்று தமிழிலேயே வால்கள் இருக்கின்றன, ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதி படிவங்கள் தமிழ் முகவரியை ஏற்பதில்லை.

இனி சொல்வதுதான் எனக்குச் சூடு பட்ட இடம். எங்கள் பழைய மாணவர் குழுவுக்கு ஒரு டொமைன் இருந்தது, ஒரு நண்பர் தன் கணக்கில், தன் கார்டில் வாங்கிக் கொடுத்தார். கார்டு காலாவதியானது, அவரோ ஜொகூருக்கு மாறிப்போனார். "பணம் கட்டுங்கள்" என்ற நினைவூட்டல்கள் எங்கே போயின தெரியுமா, அதே டொமைனில் யாருமே திறக்காத ஒரு இமெயிலுக்கு. நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் எங்கள் பள்ளிப் படம் இருந்த இடத்தில் சூதாட்டப் பக்கம். டாட் காம் காலாவதியானால் பொதுவாக 45 நாள் வரை வழக்கமான விலையில் புதுப்பிக்க விடுவார்கள் (கடைக்குக் கடை மாறும்), பிறகு 30 நாள் பெரிய அபராதத்தோடு மீட்கலாம், அதற்கப்புறம் 5 நாளில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எங்களுக்குப் படம்தான் போனது. உங்கள் விஷயத்தில், எடுத்தவன் அதே பெயரில் இமெயில் திறந்து, பேங்கு இணையப் பக்கத்துக்குப் போய் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அமுக்கினால் கடிதம் அவனுக்கு வரும்.

அதனால் கணக்கு உங்கள் பெயரிலோ வீட்டுக்காரர் பெயரிலோ இருக்கட்டும், மகன் பெயரில் வேண்டாம், நாளைக்கு அவன் எங்கே இருப்பானோ. தொடர்பு இமெயிலாக அந்த ஜிமெயிலைக் கொடுங்கள். ஆட்டோ ரினிவல் போட்டு, டாட் காம் என்றால் ஐந்து வருடத்துக்கு முன்கூட்டியே கட்டிவிடுங்கள், பத்து வரைகூடக் கட்டலாம்.

டொமைன் வெறும் பெயர்தான், கடிதம் வந்து விழ ஒரு பெட்டி தனியாக வேண்டும். சென்னை சோகோ கம்பெனியில் ஒருவருக்கு மாதம் ஒரு டாலர் அளவில் கிடைக்கும். அதுவும் வேண்டாம் என்றால் கிளவுட்ஃப்ளேரிலிருந்து ஜிமெயிலுக்கே இலவசமாகத் திருப்பிவிடலாம், ஆனால் பதில் எழுதினால் ஜிமெயில் பெயரில்தான் போகும். கடிதம் உங்களுடையதுதான் என்று காட்ட எஸ்பிஎஃப், டிகிம் என்று சில வரிகளை டிஎன்எஸ்ஸில் (டொமைனின் முகவரிப் பதிவில்) ஒட்டச் சொல்வார்கள், அதை மகன் பார்த்துக்கொள்வான்.

பேங்கையும் கே.டபிள்யூ.எஸ்.பி.யையும் இப்போதைக்கு ஜிமெயிலிலேயே விட்டு வையுங்கள். கரண்டு பில்லை மட்டும் புது முகவரிக்கு மாற்றி, இரண்டு மாதம் ஒழுங்காக வந்து சேர்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கவுண்டர் ஏறுங்கள்.