ஆய்வேடுகளுக்கு ஒரு டிஜிட்டல் களஞ்சியம்: நூலகரிடம் கேளுங்கள்

முதுநிலை, முனைவர் பட்ட ஆய்வேடுகளை டிஜிட்டல் தொகுப்பாக்குவது பற்றி நூலகப் பணியாளர்களும் மாணவர்களும் நெறியாளர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, இப்பணியில் நெடுங்காலம் ஈடுபட்டுவரும் நூலகர் ஒருவர் பதிலளிக்கிறார்.

ஐயா, எங்கள் நூலகத்தில் அலமாரி அலமாரியாகப் பழைய ஆய்வேடுகள் இருக்கின்றன. ஒரே ஒரு ஸ்கேனர், இரண்டு பணியாளர்கள். எங்கிருந்து தொடங்குவது?

இந்தப் பருவத்தில் ஆய்வேடு சமர்ப்பிக்கப்போகும் மாணவரிடமிருந்து தொடங்குங்கள். பழைய அலமாரி காத்திருக்கும். அந்த மாணவரிடம் மூலக்கோப்பு இருக்கிறது, தன் பெயரை எப்படி எழுத வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட அவர் நேரில் வந்து நிற்கிறார். பட்டம் வாங்கிக்கொண்டு போன பிறகு இந்த மூன்றையும் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. பழையவற்றை முதலில் ஸ்கேன் செய்ய உட்காரும் நூலகங்களில், அந்தப் பக்கம் ஒன்று குறைவதற்குள் இந்தப் பக்கம் புதிதாகப் பத்து அச்சு ஏடுகள் வந்து சேர்ந்துவிடுகின்றன.

அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 1997 தொடக்கத்தில் மின்னணு ஆய்வேட்டைக் கட்டாயமாக்கியது. அங்கே மாற்றத்தைக் கொண்டுவந்தது ஒரு விதி. ஆகவே புதிய ஸ்கேனருக்கு நிதி கேட்டு எழுதுவதற்கு முன், நூலகத்தில் கோப்பை ஒப்படைத்தால்தான் பட்டத்துக்கான நடைமுறை முடியும் என்று விதியைத் திருத்தும்படி கேட்டு எழுதுங்கள். பழையவற்றில் தாள் நொறுங்கத் தொடங்கியவை, உலகில் ஒரே படியாக இருப்பவை ஆகியவற்றை மட்டும் இதற்கு இணையாக எடுத்துச் செய்யலாம்.

பழைய ஆய்வேட்டின் அச்சுப் படி எங்களிடம்தான் இருக்கிறது. அதை இணையத்தில் வைக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

எழுதியவரிடம். படி உங்கள் அலமாரியில் இருப்பதாலேயே வெளியிடும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. பெரும்பாலான இடங்களில் ஆய்வேட்டின் பதிப்புரிமை மாணவருடையது. உங்கள் பல்கலைக்கழகத்தின் விதி வேறாக இருந்தால் அதை எழுத்தில் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

ஆசிரியரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் நான் சொல்லும் வழி இது: தலைப்பு, ஆசிரியர், நெறியாளர், துறை, ஆண்டு, சுருக்கம் ஆகியவை கொண்ட பதிவை எல்லோருக்கும் திறந்து வையுங்கள். முழுக் கோப்பை நூலக வளாகத்துக்குள் மட்டும் பார்க்கும்படி வைப்பதற்கும் உங்கள் நாட்டுச் சட்டம் இடம் தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பதிவு தேடலில் கிடைத்துவிட்டாலே ஆசிரியரோ அவர் குடும்பத்தாரோ தாமாகத் தொடர்புகொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. அதற்கான மின்னஞ்சல் முகவரியைப் பதிவின் பக்கத்திலேயே கொடுங்கள். யாராவது நீக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

என் ஆய்வேட்டை எல்லோரும் படிக்கும்படி வைத்தால் திருடிவிட மாட்டார்களா? பிறகு ஆய்விதழ்கள் என் கட்டுரையை ஏற்குமா?

மூடிக் கிடக்கும் ஏட்டிலிருந்து எடுத்ததைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். திறந்திருக்கும் ஏட்டை ஒப்புமை சோதிக்கும் மென்பொருள்கள் படிக்கின்றன, உங்கள் பெயரும் தேதியும் அதில் பதிந்திருக்கின்றன. ஆய்வேட்டிலிருந்து உருவான கட்டுரைகளைப் பல ஆய்விதழ்கள் ஏற்கின்றன. ஆனால் இதழுக்கு இதழ் கொள்கை மாறும் என்பதால், நீங்கள் அனுப்ப நினைக்கும் இதழின் விதியை இப்போதே படித்துவிடுங்கள்.

நூலாக வெளியிடும் எண்ணமோ கண்டுபிடிப்புக்கான காப்புரிமை விண்ணப்பமோ இருந்தால் தடைக்காலம் கேளுங்கள், அதாவது குறிப்பிட்ட காலம் வரை ஏட்டைப் பொதுவில் திறக்காமல் வைக்கச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம். நூலகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தடைக்காலம் முடியும் தேதியைக் களஞ்சிய மென்பொருளிலேயே பதியுங்கள். காகிதப் படிவத்தில் மட்டும் இருக்கும் தேதியை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை, ஏடு காலமெல்லாம் பூட்டியே கிடக்கும்.

எந்த மென்பொருள் நல்லது?

டிஸ்பேஸ், இபிரிண்ட்ஸ் இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள், இரண்டும் இந்த வேலைக்குப் போதும். முன்னது எம்ஐடியும் ஹெச்பி நிறுவனமும் சேர்ந்து 2002இல் வெளியிட்டது. பின்னது சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. உங்கள் கணினிப் பிரிவு எதைப் பராமரிக்க ஒப்புக்கொள்கிறதோ அதை எடுங்கள். எதை எடுத்தாலும் ஓஏஐ-பிஎம்எச் நெறிமுறை வேலை செய்கிறதா என்று பாருங்கள். மற்றத் தொகுப்புகள் உங்கள் பதிவுகளைத் திரட்டிக்கொள்வது அதன் வழியாகத்தான். ஏடு ஒவ்வொன்றுக்கும் ஹேண்டில் அல்லது டிஓஐ போன்ற நிலையான அடையாளம் கொடுங்கள். சர்வர் மாறினாலும் பழைய மேற்கோள்கள் முறியக் கூடாது.

தமிழ் ஆய்வேடுகளின் பிடிஎஃப் கோப்பில் தேடினால் எதுவும் கிடைப்பதில்லை. ஏன்?

இதைக் கேட்டதற்கு நன்றி. தமிழ் ஏடுகளின் பெரிய சிக்கலே இதுதான்.

பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியிருந்தார்கள். திரையில் தமிழ் தெரியும், கோப்புக்குள் இருப்பதோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. எழுத்துருவுக்கு எழுத்துரு அடுக்குமுறையும் வேறு. அதனால் எந்த எழுத்துரு என்று தெரியாமல் எழுத்துரு மாற்றும் மென்பொருளை ஓட்டினால் குப்பைதான் வரும். கொம்பும் ஒரு தொல்லை. பழைய முறைகளில் ‘கெ’ என்பதற்குக் கொம்பை முதலில் அடித்துவிட்டுப் பிறகு ‘க’ அடிப்பார்கள். எல்லா மொழிகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் மெய்க்குப் பின்தான் கொம்பு வரும்.

யூனிகோடில் தட்டச்சு செய்த ஏடும் முழுமையாகத் தப்புவதில்லை. பிடிஎஃப் எழுத்தின் வடிவங்களைத்தான் வரிசைப்படுத்தி வைக்கிறது. அதிலிருந்து உரையைப் பிரித்தெடுக்கும்போது ‘கொ’, ‘கோ’ போன்றவை சிதறிவிடுவது உண்டு. ஆகவே பிடிஎஃப்புடன் சொல் செயலியின் மூலக்கோப்பையும் மாணவரிடம் வாங்கி வையுங்கள், எந்த எழுத்துரு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மூலக்கோப்பு இல்லாத பழைய ஏடு என்றால், பக்கங்களைப் படமாக எடுத்துத் தமிழ் ஓசிஆர் செய்வது (படத்திலுள்ள எழுத்தைக் கணினி படித்து உரையாக்குவது) எழுத்துரு மாற்றத்தைவிடப் பல நேரங்களில் சுத்தமான உரையைத் தருகிறது. டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருள் தமிழைப் படிக்கும். பிழைகள் இருக்கும், ஆனாலும் தேடலுக்கு உதவும்.

ஸ்கேன் செய்ய என்ன அளவு?

அங்குலத்துக்கு 300 புள்ளிகள். சிறிய எழுத்து, நுண்ணிய வரைபடம், மங்கிய தட்டச்சு என்றால் 400 அல்லது 600. முதன்மைப் படியை டிஃப் என்ற படக்கோப்பு வடிவில் வைத்துக்கொண்டு, படிப்போருக்கு பிடிஎஃப் கொடுங்கள். நீண்டகாலத்துக்கு வைக்கும் பிடிஎஃப் கோப்பு பிடிஎஃப்/ஏ வகையாக இருக்கட்டும். எழுத்துருக்களைக் கோப்புக்குள்ளேயே பதித்துவைக்கும் வகை அது, கடவுச்சொல் பூட்டை ஏற்காது.

ஆசிரியர் பெயரில் முதலெழுத்தை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா?

ஒன்றைத் தீர்மானித்து எழுதிவைத்து, எல்லாப் பதிவுக்கும் அதையே பின்பற்றுங்கள். இதில் குழம்பினால் ஒரே ஆய்வாளர் மூன்று பேராகப் பிரிந்துவிடுவார், வெவ்வேறு ஆய்வாளர்கள் இருவர் ஒருவராகிவிடுவார்கள். முதலெழுத்தின் விரிவையும் படிவத்தில் கேளுங்கள். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், மாணவரே எழுதித் தந்தபடி பதியுங்கள். நாமாக ஒலிபெயர்க்கக் கூடாது. ஆய்வாளர்களுக்குத் தனித்தனியாகத் தரப்படும் ஆர்க்கிட் எண் வைத்திருந்தால் அதுவே உறுதியான அடையாளம்.

பதிவில் இடம்பெறும் விவரங்களுக்கான பொது வரையறை டப்ளின் கோர். அதன் 15 கூறுகளில் பட்டம், துறை, பட்டம் வழங்கிய நிறுவனம் ஆகியவற்றுக்குத் தனி இடம் கிடையாது. ஆய்வேடுகளுக்கென அதை விரித்து உருவாக்கிய ஈடிடி-எம்எஸ் வரையறையைப் பயன்படுத்துங்கள்.

என் மாணவியின் ஏட்டில் நேர்காணல் தந்தவர்களின் பெயர்களும் படங்களும் பின்னிணைப்பில் இருக்கின்றன. அப்படியே ஏற்றலாமா?

வேண்டாம். தேர்வாளர் இருவர் படிப்பார்கள் என்று நம்பிப் பேசியவர்களை உலகம் முழுவதும் படிக்கும்படி நாம் வைக்கப்போகிறோம். பின்னிணைப்பைத் தனிக் கோப்பாகப் பிரித்து மூடி வையுங்கள். சான்றிதழ்ப் பக்கங்களில் உள்ள கையெழுத்துகளையும் பொதுப் படியில் மறையுங்கள். களப்பணி தொடங்கும்போதே, ஏடு இணையத்தில் வரும் என்று மாணவர்கள் தகவல் தருபவரிடம் சொல்ல வேண்டும். அதை உறுதிசெய்ய வேண்டியவர்கள் உங்களைப் போன்ற நெறியாளர்கள்.

எத்தனை காப்புப் படிகள் வேண்டும்?

மூன்று. அவற்றில் ஒன்று வேறு ஊரில். ஏற்றும்போதே ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) கணக்கிட்டு, ஆண்டுக்கொரு முறையாவது ஒப்பிட்டுப் பாருங்கள். கெட்டுப்போன கோப்பையே மூன்று இடங்களிலும் நகலெடுத்து வைத்திருப்பதில் பயனில்லை.

நான் ஓய்வுபெற்ற பேராசிரியர். என் பழைய தட்டச்சு ஆய்வேட்டை நானே தர விரும்புகிறேன். ஏற்பீர்களா?

மகிழ்ச்சியுடன். ஒப்புதல் கடிதம் ஒன்று எழுதிக் கொண்டுவாருங்கள். எந்த உரிமத்தில் திறக்கலாம் என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். பிழைதிருத்தம் இருந்தால் தனித் தாளில் தாருங்கள். சமர்ப்பித்த ஏட்டைத் திருத்தாமல், அதனுடன் இணைத்து வைப்போம். பின்னட்டைப் பையில் மடித்துவைத்த வரைபடங்கள் நூலகப் படிகளிலிருந்து அடிக்கடி காணாமல் போய்விடுகின்றன. உங்கள் படியில் அவை இருந்தால் மறக்காமல் எடுத்து வாருங்கள்.