ஜெர்மனிக்காரருக்கு 1,250 யூரோ என்றால் எவ்வளவு?

கேள்வி: பேரணாம்பட்டில் தோல் பை செய்து விற்கிறோம். எங்கள் இணையதளத்தில் மொத்த ஆர்டருக்கு €1,250 என்று போட்டிருந்தோம். ஜெர்மனி வாடிக்கையாளர் 'ஒன்றேகால் யூரோவா?' என்று கேட்கிறார். தளம் செய்து கொடுத்தவர், நாட்டுக்கு ஒரு 'கரன்சி பேக்கேஜ்' வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் விற்கப் பார்ப்பது உங்கள் வாடிக்கையாளரின் பிரவுசரிலேயே இலவசமாக இருக்கிறது. ஜெர்மனியில் ஆயிரத்துக்குப் புள்ளி, சென்ட்டுக்குக் கமா, குறி கடைசியில்: 1.250,00 €. நமக்கு ₹1,25,000 என்று லட்சக் கணக்கு. பிரவுசரில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் 'இன்ட்டில் நம்பர்ஃபார்மேட்' (Intl.NumberFormat) என்று ஒன்று உண்டு. வாடிக்கையாளரின் மொழி, நாடு எது, விலை எந்த நாணயத்தில் என்று சொல்லிவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். ஒரு வரி வேலை. நம் பக்கம் ஏற்றுமதி என்று வாயைத் திறந்தாலே இதற்கும் ஒரு பில், வருடா வருடம் புதுப்பிக்க இன்னொரு பில் என்று நீட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். டேட்டாபேஸில் விலையானது, நாணயக் குறியோ கமாவோ இல்லாத வெறும் எண்ணாக இருக்கிறதா என்று தளம் செய்தவரிடம் கேளுங்கள். மழுப்பினால் ஆளை மாற்றுங்கள்.

இந்த நம்பர்ஃபார்மேட் எழுதும் முறையை மட்டுமே மாற்றும், விலையை மாற்றாது. நாடு ஜெர்மனி என்றதும் நாணயத்தையும் யூரோ என்று மாற்றிவிட்டால், 12,500 ரூபாய்ப் பை 12,500 யூரோ ஆகிவிடும்.

ஜப்பானுக்கு விற்பதாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். யென்னுக்குப் பைசா கிடையாது. பணம் வாங்கும் சேவைகள் பல, தொகையைப் பைசாக் கணக்கில் கேட்கும். அதனால் எல்லாவற்றையும் 100-ஆல் பெருக்கி அனுப்பும்படி எழுதிவைப்பார்கள். ரூபாய்க்கு அது சரி. யென்னுக்கும் அப்படியே போனால் 5,000 யென் பைக்கு 5 லட்சம் யென் பிடிக்கும். திரையில் ¥5,000 என்று ஒழுங்காகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகம் வராது. குவைத் தினாரில் இது வேறு மாதிரி: அங்கே 1,000 ஃபில்ஸ் ஒரு தினார், 100-ஆல் பெருக்கினால் பத்தில் ஒரு பங்குதான் கைக்கு வரும். தளம் எந்த நாணயத்துக்கு எந்த எண்ணால் பெருக்குகிறது என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், பிடிஎஃப் இன்வாய்ஸ். நம் உதயகுமார் வரைந்த ₹ குறிக்கு 2010-லேயே ஒப்புதல் கிடைத்து, அதே வருடம் கணினி எழுத்துகளின் உலகப் பொதுப் பட்டியலான யூனிகோடிலும் ஏறிவிட்டது. இன்னும் அதற்கு இடமில்லாத எழுத்துருவைப் போட்டு வெறும் கட்டம் அச்சடிக்கிறார்கள்; கேட்டால் 'சிஸ்டம் அப்படித்தான் சார்' என்று பதில். எழுத்துருவை மாற்றச் சொல்லுங்கள். அதுவரை இன்வாய்ஸில் இந்திய ரூபாயின் சுருக்கமான ஐஎன்ஆர் (INR) என்றே எழுதட்டும்.