வாசகர் கேள்வி பதில்: கதை ஒப்பிக்கிறாள், படிக்க வரவில்லை

இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் யூடியூப் கதைகளை வரி பிசகாமல் ஒப்பிக்கிறாள். அதே வரிகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் திணறுகிறாள். ஏன்?
- வாசகி, கோவில்பட்டி

காதுக்குப் பழகிவிட்டது, கண்ணுக்கு இன்னும் பழகவில்லை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே வரும் எழுத்தைக் குழந்தை பார்ப்பதே இல்லை. அதனால் ஒலி இல்லாத கதையிலிருந்து தொடங்குங்கள்.

பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலைக் கதை 250 சொற்களுக்குள் முடிந்துவிடும். இரண்டாம் வகுப்பு என்பதற்காக இரண்டாம் நிலையை எடுக்காதீர்கள். பத்துச் சொல்லில் இரண்டுக்கு மேல் தடுக்கினால் அந்தக் கதை அவளுக்கு இப்போதைக்குக் கனம். அங்கே யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து ஏற்றலாம். சில கதைகளில் தமிழ் முரடாக இருக்கும். முதலில் நீங்கள் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உங்கள் நாக்கே இடறினால் வேறு கதை.

முதல் நாள் படங்களை மட்டும் பார்த்துப் பேசுங்கள். மறுநாள் அவள் விரல் வைத்துப் படிக்கட்டும். தடுக்கும் இடத்தில் உடனே எடுத்துக் கொடுக்காமல் ஐந்து நொடி பொறுங்கள். இது பெற்றோருக்குத்தான் கடினம். மூன்றாம் நாள் நான்கு வரிகளை வரிசை மாற்றித் தாளில் எழுதி, ஒரு சொல்லையும் மாற்றி வையுங்கள். 'பூனை மோர் குடித்தது' என்று எழுதியிருக்க, அவள் 'பால்' என்றால் இன்னும் நினைவிலிருந்துதான் சொல்கிறாள்.

எந்த எழுத்தில் தடுக்குகிறாள் என்று குறித்து வையுங்கள். பெரும்பாலும் கொம்புதான். 'கொக்கு' என்பதில் கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, வாயோ க-வில் தொடங்க வேண்டும். பின்னால் நிற்கும் துணைக்காலை 'ர' என்று எண்ணி 'கெரக்கு' என்று படிக்கும் பிள்ளைகள் உண்டு. 'கௌதாரி'யில் 'ள' தெரிவதும் இப்படித்தான். மூன்று துண்டுகளையும் ஒரே பென்சில் வட்டத்துக்குள் அடைத்து, 'இது ஒரே எழுத்து' என்று காட்டுங்கள். ஒரு நாளைக்கு இப்படி ஐந்து சொல் போதும்.

எழுத்து பிடிபட்ட பிறகு ஒலியோடு வரும் கதைகளைக் கொடுக்கலாம். அப்போதும் அவள் படித்த பிறகே ஒலி.

வகுப்பில் 28 பிள்ளைகள், என் கைப்பேசி ஒன்றுதான், சிக்னலும் கிடையாது. இணையக் கதைகளை எப்படிப் பயன்படுத்துவது?
- ஆசிரியர், கல்வராயன் மலை

வீட்டிலேயே பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். 12 பக்கக் கதையை ஒரு பக்கத்துக்கு இரண்டு வீதம், இருபுறமும் அச்சிட்டால் மூன்று ஏ4 தாள். நால்வருக்கு ஒரு பிரதி என்றால் ஏழு பிரதி, 21 தாள். ஸ்டோரிவீவர் கதைகளை அச்சிடவும் மாற்றவும் உரிமம் இடம் தருகிறது; எழுதியவர், வரைந்தவர், வெளியிட்டவர் பெயர் இருந்தாக வேண்டும். தாள் மிச்சம் என்று இந்தப் பெயர்கள் உள்ள கடைசிப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

பயிற்சித்தாள் தயாரிக்கப் பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும். பழைய எழுத்துருவில் செய்த கோப்பென்றால் ஆங்கிலக் குப்பையாகவே வரும். நான்கு வரிதானே, யூனிகோடில் நீங்களே தட்டச்சிடுவது விரைவு. எழுத்தளவு 22 புள்ளிக்குக் குறைய வேண்டாம். வரி முடிவில் சொல் உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: 'ஓடிக்கொண்டி' ஒரு வரி, 'ருந்தான்' அடுத்த வரி என்றால் புதிதாகப் படிப்பவன் அங்கேயே நின்றுவிடுவான்.

ல, ள, ழ பிழை தீர மகனைக் குரல்வழித் தட்டச்சில் பழக்கலாமா?
- வாசகர், காரைக்குடி

வேண்டாம். 'வாளைப்பளம்' என்று அவன் சொன்னாலும் கருவி 'வாழைப்பழம்' என்றே எழுதிவிடும். பிழை அவன் கண்ணில் படாது. நீங்கள் ஐந்து சொல் சொல்லுங்கள், அவன் கையால் எழுதட்டும், பிறகு தமிழ் விக்சனரியில் அவனே தேடிச் சரிபார்க்கட்டும். பல்லி–பள்ளி, வாலை–வாளை–வாழை போன்ற இணைகளைக் கொடுங்கள். எல்லாமே அகராதியில் இருக்கும் என்பதால் பொருளைப் படித்துப் பார்த்துத்தான் அவன் முடிவு செய்ய முடியும்.