நீலமா இருந்தா சின்ன வயசா?

கேள்வி: அண்ணாச்சி, குட்டி கேலக்ஸி நீலமா தெரிஞ்சா அது இப்பதான் பொறந்ததுன்னு அர்த்தமா? (குளச்சல் வாசகர்)

பதில்: அப்படித்தான் நெனச்சாங்க தம்பி. சப்தரிஷி மண்டலம் பக்கம் ஐ ஸ்விக்கி 18 (I Zwicky 18)னு ஒரு குட்டி கேலக்ஸி, அதுல ஹைட்ரஜன், ஹீலியத்த விட கனமான ஆக்சிஜன் மாதிரி தனிமங்கள் (இதெல்லாம் நட்சத்திரங்களுக்குள்ள உருவாகி காலப்போக்குலதான் சேரும்) ரொம்பக் கம்மி, புது நட்சத்திரம் வேற வேகவேகமா பொறக்குது, அதனால அதுக்கு 50 கோடி வருஷந்தான் இருக்கும், பச்சப்புள்ளன்னு சிலர் சொல்லிட்டாங்க. 2007ல ஹப்பிள் டெலஸ்கோப் தகவல உத்துப் பாத்தா, உள்ள மங்கலா செவப்பு நட்சத்திரங்க, வயசு 100 கோடிக்கும் மேல! தூரமோ சுமார் 5.9 கோடி ஒளியாண்டு, அவ்வளவு தூரத்துல இருக்க மங்கல் நட்சத்திரத்த தனித்தனியா பிரிச்சிருக்காங்கன்னா சும்மாவா? முட்டம் லைட்ஹவுஸ் வெளிச்சம் கண்ணுல அடிக்கும்போது பக்கத்துல நிக்க வள்ளத்துல எரியுற வெளக்கு தெரியாதுல்லா, அதே மாதிரிதான் இளசு நட்சத்திரங்களோட நீல வெளிச்சம் பழசெல்லாத்தையும் மறச்சிருது.