1955-ல் டெல்லிக்கு வந்த ஆல்வா மிர்டால் அமைச்சரா, தூதரா?

கேள்வி: எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறேன். சுவீடனைச் சேர்ந்த, அமைதி நோபல் பெற்ற ஆல்வா மிர்டால் பற்றிக் கருத்தரங்கக் கட்டுரை எழுதுகிறேன். ஒரு நூல் அவரை 1955-ல் இந்தியாவில் ‘மினிஸ்டர்’ என்கிறது. இன்னொன்று தூதர் என்கிறது. 1967-ல்தான் அமைச்சரானார் என்று மூன்றாவது ஒன்று. ‘1955-ல் அமைச்சர்’ என்று நான் எழுதியதை வழிகாட்டி சிவப்பு மையால் சுழித்துவிட்டார். இவர் அரசியலில் இருந்து தூதர் ஆனவரா, தூதராக இருந்து அரசியலுக்கு வந்தவரா? எந்த வரிசையில் எழுதுவது?

பதில்: சுழித்தது சரிதான். ஆனால் இந்தச் சொல்லில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. அந்தக் காலத்தில் ஒரு நாடு வெளிநாட்டில் முழுத் தூதரகம் வைக்காமல் அதற்கு ஒரு படி கீழான அலுவலகம் வைத்தால், அதன் தலைவருக்கு ‘மினிஸ்டர்’ என்று பதவிப் பெயர். மந்திரிசபைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆல்வா டெல்லிக்கு முதலில் வந்தது இந்தப் பெயரில்தான். பிறகு அதே ஊரில் தூதராகத் தரம் உயர்ந்தார். சுவீடன் அனுப்பிய முதல் பெண் தூதர் அவர். 1961 வரை டெல்லியில் இருந்தார். பர்மாவும் இலங்கையும்கூட அவர் பொறுப்பில் இருந்தன. கட்டுரையில் ‘தூதர்’ என்றே எழுதுங்கள், தரம் உயர்ந்ததை ஓர் அடிக்குறிப்பில் சொன்னால் போதும். 1967-ல் கிடைத்ததுதான் உண்மையான மந்திரி பதவி. நம் வழக்கில் சொன்னால் இலாகா இல்லாத அமைச்சர். ஆயுதக் குறைப்பு அவர் பொறுப்பு.

அரசியலா, தூதுப் பணியா, எது முதலில் என்றால், அரசியல்தான். 1932-ல் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். 1943-ல் போருக்குப் பிந்தைய திட்டத்தை எழுதும் கட்சிக் குழுவில் இருந்தார். ஆனால் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது 1962-ல், அறுபது வயதில். அதாவது டெல்லியில் இருந்து திரும்பிய பிறகு. ஜெனீவாவில் ஆயுதக் குறைப்புப் பேச்சுவார்த்தைக்குச் சுவீடன் குழுவின் தலைவராகப் போனதும் அதே 1962-ல்தான். எம்.பி., பேச்சுவார்த்தைக் குழுத் தலைவர், அப்புறம் அமைச்சர் என எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின, கடைசி இரண்டும் 1973 வரை. ‘முதலில் இது, பிறகு அது’ என்று இரண்டு பெட்டியில் பிரித்து அடைத்தால் கட்டுரை உடைந்துவிடும்.

அதனால் பதவிகளை வரிசைப்படுத்தாதீர்கள். அவர் வேலை செய்த விதத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள். 1935-ல் ஸ்டாக்ஹோமில் கட்டிடக் கலைஞர் ஸ்வென் மார்கேலியுசுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய கூட்டுக் குடியிருப்பைப் பாருங்கள். கீழே பொதுச் சமையலறை. சமைத்த சாப்பாடு ஒரு சின்ன லிஃப்டில் ஏறி நேராக வீட்டுக்குள் வரும். குழந்தைகளுக்குக் கீழேயே காப்பகம். பெண்கள் வேலைக்குப் போகட்டும் என்று மேடையில் பேசிவிட்டு அவர் நிற்கவில்லை. சாப்பாடு யார் சமைப்பது, குழந்தையை யார் பார்ப்பது என்று வரிவரியாகக் கணக்குப் போட்டு, அதைச் சுவரும் லிஃப்டுமாகக் கட்டிக் காட்டினார்.

இதே புத்தியை ஜெனீவாவில் பாருங்கள். 1963-ல் வல்லரசுகள் காற்றுவெளி, விண்வெளி, கடலடி அணுச்சோதனைகளைத் தடை செய்தன. நிலத்தடிச் சோதனைக்கு மட்டும் தடை போடவில்லை. நேரில் வந்து பார்க்காமல் நம்ப மாட்டோம் என்றது அமெரிக்கா. அது உளவு வேலை என்றது சோவியத் யூனியன். ஆல்வாவின் குழு நிலநடுக்கம் பதியும் கருவிகளைக் கையில் எடுத்தது. பூமிக்கு அடியில் குண்டு வெடித்தால் அதிர்வு தூர தேசம்வரை வரும், பல நாடுகள் பதிவுகளைப் பரிமாறிக்கொண்டால் போதும் என்று வாதாடியது. வெறும் பேச்சாக விடாமல் சுவீடன் ஹாக்ஃபோர்ஸில் தானே ஒரு கண்காணிப்பு நிலையம் அமைத்தது. ஸ்டாக்ஹோமின் சிப்ரி அமைதி ஆய்வு நிறுவனம் 1966-ல் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் ஆல்வாதான். கணக்கு வல்லரசுகளின் கையில் மட்டும் இருந்தால் சிறிய நாடுகள் பேச முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

டெல்லி ஆண்டுகளை ‘தூதராகப் பணியாற்றினார்’ என்று ஒரே வரியில் தாண்டிவிடாதீர்கள். ஜெனீவா மேசையில் இரு முகாமிலும் சேராத எட்டு நாடுகள் இருந்தன. அவற்றில் சுவீடன் ஒன்று, இந்தியாவும் பர்மாவும் கூட. டெல்லியில் நேருவின் நட்பைப் பெற்றிருந்த ஆல்வாவுக்கு அந்த இரண்டு நாடுகளும் புதியவை அல்ல. உங்கள் கட்டுரையில் சொந்தமாகச் சொல்ல இடம் இருப்பது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. கணவர் குன்னார் மிர்டாலின் பெயரை எல்லாப் பத்தியிலும் கொண்டுவராதீர்கள். அவருக்குப் பொருளியல் நோபல் 1974-ல். ஆல்வாவுக்கு அமைதி நோபல் 1982-ல், மெக்சிகோவின் அல்ஃபோன்சோ கார்சியா ரோபிள்ஸுடன் பகிர்ந்து. குன்னாரின் வேலைக்காக ஆல்வா 1947-ல் குடும்பத்தோடு ஜெனீவா போனதையும், 1949-ல் தனக்குக் கிடைத்த ஐ.நா. பணிக்கு நியூயார்க் கிளம்பியதையும் மட்டும் எழுதுங்கள். அடுத்து பாரிசில் யுனெஸ்கோ, பிறகு டெல்லி. நாற்பத்தேழு வயதில் நியூயார்க் கிளம்ப அவர் எடுத்த அந்த முடிவில்தான் பிந்தைய வாழ்க்கை முழுவதும் தொங்குகிறது.

கடைசியாக, மறைக்கக் கூடாதது ஒன்று உண்டு. மக்கள்தொகைச் சிக்கல் பற்றி 1934-ல் இருவரும் சேர்ந்து எழுதிய நூல் தாய்க்கும் குழந்தைக்கும் அரசு உதவி கேட்டது. ‘தகுதியற்றவர்கள்’ என்று கருதப்பட்டவர்களுக்குப் பிள்ளையே பிறக்காதபடி கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்வதையும் அதே நூல் ஆதரித்தது. அந்த ஆண்டுதான் சுவீடன் கருத்தடைச் சட்டம் இயற்றியது. அதனால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு தரத் தொடங்கியதோ 1999-ல். கணக்குப் போட்டுச் சமூகத்தைச் சீர்படுத்தலாம் என்ற அதே நம்பிக்கையின் கொடிய பக்கம் இது. வாய்மொழித் தேர்வில் இந்தக் கேள்வி வர வாய்ப்பு அதிகம். இதற்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்குங்கள், அடிக்குறிப்பில் தள்ளிவிடாதீர்கள்.